கயிற்றில் எட்டாவது ஆள்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

உரக்கடையில் ஆங்கில வருசப் பிறப்புக்குக் கொடுத்த டைரி இது. ஏழு மாதமாகக் கிரைண்டர் ஆடாமல் இருக்கக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். இன்று உருவி எடுத்துத் துடைத்து எழுதுகிறேன். காரணம் என் வீட்டுக்காரர். அவர் என்ன சாப்பிடுகிறார் என்று தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். அவருக்கு எழுத நேரமில்லையாம். எனக்கு மாவு அரைத்து, பாக்கெட் கட்டி, கடைக்கடையாகப் போட்டுவிட்டு வந்தபிறகு வேறு வேலையே இல்லை பாருங்கள்.

எங்கள் ஊர்ப் பாசித் பைபாஸ் ரோட்டில் ஒரு ஜிம் திறந்திருக்கிறான். முதல் நாள் இலவசம் என்று ஒரு மெஷின் வைத்திருந்தானாம். வெறுங்காலோடு ஏறி நின்று இரண்டு கைப்பிடியையும் பிடித்தால், உடம்பில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடும். இவர் போய் ஏறிவிட்டு வந்தார்.

"எண்பத்தெட்டு கிலோ. கொழுப்பு பதினேழரையாம். மிச்சம் எழுபது கிலோ சதை, எலும்பு, தண்ணி. இம்புட்டு சதை இந்த ஊர்ல எவனுக்கும் இருக்காதுன்னு பாசித் சொன்னான்" என்றார். பின்பாதி மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. என் காதில் முன்பாதிதான் விழுந்தது. பதினேழரை கிலோ என்றால் ஒரு டின் எண்ணெய்க்கு மேலே.

சாயங்காலம் இவர் டயர் கடை வேலைக்குப் போனபிறகு, கொல்லைப்புறச் சந்து வழியாக அண்ணன் சென்றாயன் வந்தது. அண்ணன் எப்போது கொல்லைப்புறமாக வந்தாலும் எனக்கு ஒரு வேலை வைக்கத்தான் வரும். எங்கள் ஊர் வடம் இழுக்கும் குழுவுக்கு அண்ணன்தான் கேப்டன். கயிற்றில் ஏழு பேர். முதல் ஆள் அண்ணன். கடைசி ஆள் என் வீட்டுக்காரர் பவுன்ராசு. கயிற்றை அக்குளுக்குள் வாங்கி, முதுகைச் சுற்றி, தோள் வழியாக விட்டு, மல்லாந்த மாதிரி சாய்ந்து நிற்பவர் கடைசி ஆள். முன்னால் ஆறு பேர் விட்டாலும் அவர் விடக்கூடாது. பன்னிரண்டு வருசமாக அந்த இடம் பவுன்ராசுவுக்குத்தான்.

"இந்த வருசம் ஓணத்துக்கு மலையில நடக்குற போட்டியில புதுசா ஒண்ணு வச்சிருக்கான் வல்லி. ஏழு பேரையும் தராசுல ஏத்துவான். மொத்தம் ஐநூத்து இருவத்தஞ்சு கிலோவுக்கு மேல போகக் கூடாது. நம்ம ஆளுகள மில்லுல எடை போட்டோம். ஐநூத்து முப்பத்து மூணு."

"எட்டு கிலோ கூட."

"மாப்ள மூணு கிலோ கொறைச்சார்னா, மத்த அஞ்சையும் நாங்க ஆறு பேரு பகுந்துக்குவோம். நீ கொஞ்சம் பக்குவமாச் சொல்லுத்தா."

"நீயே சொன்னா என்னண்ணே? தெனமும் ஒரே கயித்தத்தான பிடிக்கிறீக?"

"வீட்டு மாப்பிள்ளைகிட்ட, ஒங்களுக்குத் தொப்பை இருக்கு, கொறைங்கன்னு நான் எப்படிச் சொல்லுறது?"

சொன்னேன். இவர் கூரையைப் பார்த்தார். பிறகு, "மூணு எதுக்கு? எட்டையும் நானே கொறைக்கிறேன்னு மச்சான்கிட்டச் சொல்லிரு. மத்தவக யாரும் சிரமப்பட வேண்டாம்" என்றார்.

அதையும் போய்ச் சொன்னேன். அண்ணனுக்கு அது சரியில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் மாப்பிள்ளை சொன்னதற்கு மறுபேச்சு எப்படிப் பேசுவது. "செரி, அவரு பிரியம்" என்று தலையாட்டிவிட்டது. இரண்டு பேரும் நேரில் பேசியிருந்தால் அரை நிமிசத்தில் முடிகிற காரியம். எனக்கென்ன. கயிறும் அவர்களும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை இரண்டு இட்லி. வழக்கம் பத்து. மதியம் ரசம் ஊற்றி ஒரு கைப்பிடி சோறு. இரவு ஒரு டம்ளர் மோர்.

ஆகஸ்ட் 7, புதன்

காலை இரண்டு இட்லி. மதியம் வெள்ளரிக்காய். இரவு எதுவும் இல்லை. பேச்சும் இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

எண்பத்தாறு. ஒரே வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டார். வயிறு அப்படியேதான் இருக்கிறது. நான் சொல்லவில்லை.

முட்டை அவித்து வைத்தேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டார். முட்டையிலும் எடை இருக்கிறதாம்.

சட்டையைக் கழற்றும்போது முதுகைப் பார்த்தேன். போன வருசத் தழும்பு இன்னும் இருக்கிறது. போன வருசம் இறுதிப் போட்டிக்கு நானும் மலைக்குப் போயிருந்தேன். எதிரே எஸ்டேட்காரர்கள், சிவப்பு பனியன் அணி. மூன்று வருசமாக அவர்களிடம்தான் தோற்கிறோம். கடைசி இழுப்பில் முன்னால் ஆறு பேருக்கும் கால் பெயர்ந்துவிட்டது. இவர் மட்டும் விடவில்லை. மல்லாக்க விழுந்தவரைக் கயிற்றோடு சேர்த்துச் சரளைக்கல்லில் இழுத்துக்கொண்டு போனார்கள். கூட்டம் சிரித்தது. "மூட்டை வருது, மூட்டை வருது" என்று எவனோ கத்தினான். பனியன் கிழிந்து ரத்தத்தோடு எழுந்தவர் என்னைத்தான் முதலில் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அத்தோடு சரி. இனிமேல் நான் அந்தப் போட்டிக்குப் போவதாக இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

உளுந்து ஈரம். மாவு பொங்கவில்லை. இரண்டு கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர் காலையில் ஒரு இட்லியோடு எழுந்துவிட்டார். "இட்லி கல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எண்பத்து நாலரை.

பயிற்சி நடக்கிற இடத்துக்குக் கஞ்சி கொண்டுபோனேன். வழியில்தான் இருக்கிறது, அதனால் போனேன். (எங்கள் வீட்டிலிருந்து எந்த வழி என்று யாரும் கேட்கவில்லை.) புளியமரக் கிளையில் கப்பி கட்டி, கயிற்றின் மறுமுனையில் கல் நிரப்பிய தார் டின் தொங்கும். அதை இழுத்து மேலே ஏற்றி நிறுத்திப் பிடிக்க வேண்டும். இவர் ஒற்றை ஆளாக ஏற்றிவிட்டு, மற்றவர்கள் பீடி பற்றவைத்து முடிக்கும்வரை அசையாமல் நிற்பார். அதைப் பார்க்கவே பிள்ளைகள் வரும்.

இன்று ஏற்றினார். நின்றார். கொஞ்ச நேரத்தில் தொடை நடுங்கியது. டின் சரசரவென்று இறங்கி மண்ணில் உட்கார்ந்தது.  அண்ணன் என்னைப் பார்த்தது. மொக்கராசு போய் மறுபடி ஏற்றினான். வாழைத்தார் சுமக்கிற பையன், முப்பது வயசு, குழுவில் மாற்று ஆள். ஆளைப் பார்த்தால் கழுத்து மட்டும்தான் தெரியும், அவ்வளவு நெட்டை, ஒடிசல். டின் ஏறி நின்றுகொண்டது.

வீட்டுக்கு வரும்போது, "மாப்ளைக்கு முடியலைன்னா கடைசி எடத்துக்கு வேற ஆளப் பாக்கணும் வல்லி. மெல்லக் காதுல போட்டு வையி" என்றது அண்ணன்.

நான் போடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தூதை முழுங்கினேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆவணி பிறந்ததும் ஊரில் கல்யாணம் கல்யாணமாக இருக்கிறது. இன்று இரண்டு. மதியம் சண்முகத்தேவர் மண்டபத்தில் ஏழு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆறு இலையில் பாயசம் இரண்டாவது முறை ஓடியது. ஏழாவது இலையில் மோர் மட்டும். அண்ணன் அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டுக்கொண்டு, "மாப்ளையோட மனசு யாருக்கு வரும்" என்று பக்கத்து இலைக்காரரிடம் பெருமையாகச் சொன்னது. நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சொம்போடு அண்ணன் தலையில் ஊற்றியிருக்கலாம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்று மில்லில் எடை.

என் வீட்டுக்காரர் எண்பத்திரண்டரை. ஐந்தரை கிலோ இறக்கியிருக்கிறார். மூன்று வாரமாக ஒரு மனிதன் பட்டினி கிடந்து இறக்கிய ஐந்தரை கிலோ.

மொத்தம் ஐநூற்று முப்பத்தொன்று.

மில் கணக்குப்பிள்ளை இரண்டாம் முறையும் கூட்டினார். அதே முப்பத்தொன்றுதான். நான் வீட்டுக்கு வந்து கிரைண்டரிலிருந்து மாவு தோண்டிக்கொண்டே மனசில் கூட்டிப் பார்த்தேன். இவர் ஐந்தரை இறங்கியிருக்கிறார். மொத்தத்தில் இரண்டுதான் இறங்கியிருக்கிறது. மிச்ச மூன்றரை எங்கே போயிற்று? ஆறு பேர் வயிற்றுக்குள் போயிற்று. எட்டையும் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாகக் கல்யாணம் கல்யாணமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். என் வீட்டில் இலையை எடுத்துக்கொண்டுபோய் அடுத்தவன் வீட்டில் விரித்த மாதிரி ஆகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மாவு வாளியைக் கீழே வைத்த சத்தத்தில் இவர் எழுந்து வந்துவிட்டார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. வாளி கனமா இருந்துச்சு."

ஆகஸ்ட் 26, திங்கள்

பாசித் பிள்ளையின் டிபன் பாக்ஸ் எங்கள் வீட்டில் இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனேன். போகிற போக்கில் இவரையும் கூட்டிப் போனேன். போனதுதான் போனோம், மெஷினில் ஏறிவிட்டு வரட்டுமே என்று பட்டது.

பாசித் திரையைப் பார்த்தான், போன தடவைச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"அண்ணே, அஞ்சரை கிலோ கொறைஞ்சிருக்கீங்க. அதுல கொழுப்பு ரெண்டரைதான். மிச்சம் மூணு, சதையும் அதுல நின்ன தண்ணியும்."

"எடை கொறைஞ்சா செரிதான தம்பி?"

"கயித்த எது இழுக்குதுண்ணே? சதை இழுக்குது. நீங்க வயித்தக் காயப்போட்டதும் ஒடம்பு கொழுப்ப மட்டும் எடுக்கல. தொடையவும் சேத்து எடுத்திருச்சு. முட்டை சாப்பிடுங்க, பயறு சாப்பிடுங்க, மீன் சாப்பிடுங்க. டின்ன விடாம இழுங்க. மெல்ல இறங்குனாப் போதும்."

இவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கேட்டேன். "ஏம்பா, இவருக்கு இப்ப பதினஞ்சு கிலோ கொழுப்பு. மத்த ஆறு பேருக்கும் எவ்வளவு இருக்கும்?"

"ஏத்திப் பாத்தாத்தான்க்கா தெரியும். ஆளப் பாத்துச் சொல்ல முடியாது. மொத நாளே கூப்பிட்டேன். சென்றாயண்ணன், எனக்கு எதுக்கு, எலும்ப எண்ணலாம்னு சொல்லிட்டாரு. காலையில வெறும் வயித்தோட வரணும், அது ஒண்ணுதான்."

வெறும் வயிறு. வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

காலை நாலு இட்லி, மூன்று முட்டை. மதியம் சோறு, மீன் குழம்பு. தட்டை வழித்துச் சாப்பிட்டார். இதை எழுதும்போது எனக்கு ஏன் கண் கலங்குகிறது என்று தெரியவில்லை. வெங்காயம் உரித்த கை.

ஆகஸ்ட் 29, வியாழன்

எல்லார் வீட்டுக்கும் சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வல்லி கையால் கறிச்சோறு. மொக்கராசுக்கும் உண்டு. இடம் மட்டும் பாசித் ஜிம். "வீட்டுல கிரைண்டர் ரிப்பேரு, எடமில்ல" என்றேன். என் கறிக்குழம்பு என்றால் முந்தின நாள் ராத்திரியே வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வருகிற கூட்டம் இது. பாசித்துக்கும் அதுதானே வேண்டும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

எட்டு பேரும் வந்தார்கள். குண்டாவைக் கதவுக்குப் பக்கத்தில் இறக்கி, மூடியை லேசாகத் திறந்து வைத்தேன். வாசம் பரவட்டும் என்று. கரண்டியை மட்டும் கையை விட்டு இறக்கவில்லை.

"மெஷின்ல ஏறுனவகளுக்குத்தான் இலை."

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். பாசித் ஒவ்வொருத்தருக்கும் இரண்டு கணக்கைச் சொன்னான். ஒன்று எடை, ஒன்று கொழுப்பு. மொக்கராசு எழுபதரை கிலோ, கொழுப்பு ஏழு. "இவன் என்னப்பா முருங்கைக்காயா" என்று சிரித்தார்கள். மற்றவர்கள் பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு என்று வந்தார்கள். என் வீட்டுக்காரர் அதே பதினைந்து.

அண்ணன் கடைசி. "எனக்கு என்னத்த இருக்கப் போகுது" என்று சொல்லிக்கொண்டே ஏறியது. எழுபத்து நாலரை கிலோ.

பாசித் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

"சென்றாயண்ணே, இருவது."

"என்னது இருவது?"

"கொழுப்பு. இருவது கிலோ."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அண்ணனுக்குக் கை கால் குச்சி. சட்டை போட்டால் ஒன்றும் தெரியாது. எல்லாம் வயிற்றைச் சுற்றி உள்ளே இருக்கிறது என்று பாசித் மெதுவாகச் சொன்னான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து சதை கரைந்து, அந்த இடத்தில் வேறு சரக்கு ஏறியிருக்கிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"எடைக்குக் கணக்கு இல்லாத போட்டின்னா கொழுப்பும் நங்கூரம் மாதிரி நிக்கும்ணே. இது கணக்கு வச்ச போட்டி. ஏழு பேரு கொழுப்பையும் கூட்டிப் பாத்தேன். நூறு கிலோ தாண்டுது. கயித்துல ஏழு பேரு இழுக்குறீங்க. எட்டாவதா ஒருத்தன் சும்மா உக்காந்து வாரான்."

எட்டாவது ஆள் யார் என்று எல்லாரும் தங்கள் தங்கள் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள்.

கறி பரிமாறினேன். அண்ணன் இரண்டு துண்டோடு இலையை மூடியது. வெளியே போகும்போது செருப்பை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தது. அண்ணனைத் தலைகுனிய வைக்கத்தானே இவ்வளவும் செய்தேன் என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது. அதைத் தலைகுனிய வைக்கவா நினைத்தேன்? இல்லை. என் வீட்டுக்காரர் தலை நிமிர வேண்டும் என்றுதான் நினைத்தேன். கூடவே இன்னொரு தலை குனியும் என்று யோசிக்கவில்லை.

இரவு இவர் கேட்டார். "மச்சான் வெளிய நின்னு மொக்கராசு உள்ள வந்தா நாலு கிலோ எறங்கும். சதையும் கூடும். ஆனா மச்சான்கிட்ட நான் எப்படிச் சொல்லுறது? நீதான் பக்குவமா..."

"நான் இனிமே தூது போக மாட்டேன்" என்றேன். "ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல. ஒரு வாய் பேசவே பேசாது, இன்னொரு வாய் பாயசம் மட்டும் குடிக்கும். நடுவுல நான் எதுக்கு?"

திரும்பிப் படுத்துக்கொண்டார். படுக்கட்டும்.

செப்டம்பர் 2, திங்கள்

மதியம் அண்ணன் வந்தது. வாசல் வழியாக வந்தது. இவர் சாப்பிட வந்திருந்தார். நான் அடுப்படியில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. நல்ல வேளையாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர்களிடம் இன்வெர்ட்டர் இருக்கும் போலிருக்கிறது.

வெகுநேரம் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு உளுந்து விலையைப் பற்றி.  நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"நான் வெளிய நிக்கிறேன். மொக்கராசு வரட்டும்."

அண்ணனே மேற்கொண்டு பேசியது.

"எனக்கு வருத்தம்லாம் இல்ல. இல்லாம இல்ல, கொஞ்சம் இருக்கு. நேத்து ராத்திரி ஒறங்கல. ஆனா நீங்க மூணு வாரம் மோரக் குடிச்சுக் கெடந்தப்ப நான் தின்னுருக்கேன். அத நெனச்சாத்தான் எனக்கு மானக்கேடா இருக்கு."

"மச்சான், நானும் ஒண்ணு சொல்லவா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"போன வருசம் தோத்ததுக்குக் காரணம் பலம் இல்ல. மூணாவது இழுப்புல ஒங்க கொரல் வரல. நீங்க இழுத்துக்கிட்டே கொரலும் குடுத்தீங்க. மூச்சு வாங்கிருச்சு. கடைசியில நிக்கிற எனக்கு முன்னால என்ன நடக்குதுன்னு தெரியாது. ஒங்க கொரல் வந்தாத்தான் எப்ப சாயணும், எப்ப கால மாத்தணும்னு தெரியும். வெளிய நில்லுங்க. கயித்துப் பக்கத்துலயே நடந்துக்கிட்டுக் கொரல் மட்டும் குடுங்க. ஒங்க கண்ணு மாதிரி இங்க எவனுக்கும் கண்ணு இல்ல."

 அண்ணன் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "பன்னெண்டு வருசமா இத ஏன் மாப்ள சொல்லல?" என்றது.

"நீங்க கேப்டன். வல்லியோட அண்ணன் வேற. எப்படிச் சொல்லுறது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அடுப்படிச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கரண்ட் வந்துவிட்டது. கிரைண்டரைப் போட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

எண்பத்து மூன்று. மூன்று முட்டை, பயறு, மீன். கல்யாணப் பந்தியில் இப்போது ஆறு இலையிலும் மோர். சமையல்காரர், "என்னப்பா, யாருக்கும் ஒடம்பு செரியில்லையா" என்று கேட்டுவிட்டுப் போனார். சுவரோரம் அண்ணன் தனியாக உட்கார்ந்து, பாயச வாளிப் பக்கமே திரும்பாமல் சாப்பிட்டது.

டின் ஏறி நின்றது. நான் பார்க்கவில்லை, சொன்னார்கள். தொடையும் நடுங்கவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

மில்லில் கடைசி எடை. ஐநூற்று இருபத்து நாலே முக்கால். இவர் எண்பத்து மூன்றரை. கணக்குப்பிள்ளை இரண்டாம் முறை கூட்டவில்லை.

செப்டம்பர் 14, சனி

நாளை போட்டி. நான் போகவில்லை. ஓணத்துக்கு மலைக்கடைகளிலிருந்து மாவு நிறையக் கேட்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மலைக்கடைகளுக்கு மாவு கொண்டுபோக ஆள் கிடைக்கவில்லை. அதனால் நானே ஜீப்பில் ஏறவேண்டியதாயிற்று. மாவை இறக்கியாகிவிட்டது. திரும்பி வர ஜீப் சாயங்காலம்தான். மைதானம் பக்கத்திலேயே இருந்தது. அதுவரை நான் எங்கே உட்காருவேன்?

தராசில் நம் ஆட்களுக்கு ஐநூற்று இருபத்து நாலு கிலோ அறுநூறு கிராம். சிவப்பு பனியன்காரர்கள் சரியாக இருபத்தைந்து. அவர்களில் ஒருத்தனை, வேர்த்து எடை இறங்க மழைக்கோட்டைப் போட்டு மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, எச்சிலைத் துப்பத் துப்ப வைத்து அந்தக் கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் செதுக்கின மாதிரி இருந்தார்கள், நரம்பு வெளியே தெரிந்தது. ஆனால் உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது. மூன்று வாரம் முன்னால் எங்கள் வீட்டில் அதே கண்ணை நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஏறும்போது, "மூட்டை வந்திருச்சு" என்று அதே குரல் கேட்டது. அவர் திரும்பவில்லை. சின்னத் தொப்பை பனியனுக்கு வெளியே தெரிந்தது. இருக்கட்டும்.

இறுதிப் போட்டி. மூன்றில் இரண்டு இழுப்பு.

முதல் இழுப்பு போய்விட்டது. எடுத்த எடுப்பில் சிவப்புக்காரர்கள் ஒரே வெட்டில் சுண்டி இழுத்துவிட்டார்கள். கூட்டம் கூத்தாடியது. அண்ணன் கயிற்றுப் பக்கம் போய், "வெட்டி இழுக்கட்டும். அவங்ககிட்ட இருக்கிறது அம்புட்டுத்தான். நம்ம உக்காந்து வாங்குவோம்" என்றது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மூச்சு வாங்காமல் சொன்னது.

இரண்டாவது இழுப்பில் நம்மவர்கள் அசையவில்லை. அவர்கள் வெட்டினார்கள், வெட்டினார்கள், பிறகு தளர்ந்தார்கள். "வாங்கு" என்று அண்ணன் சொன்னதும் ஏழு காலும் ஒன்றாகப் பின்னால் போயின. நமக்கு.

மூன்றாவது. கயிற்றின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி நடுக்கோட்டுக்கு மேலேயே நின்றது. இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.  பிறகு துணி மெல்ல அந்தப் பக்கம் நகர ஆரம்பித்தது. ஒரு அடி. இரண்டு அடி. போன வருசமும் இப்படித்தான் ஆரம்பித்தது. என் வீட்டுக்காரரின் குதிகால் மண்ணைக் கீறிக்கொண்டு வழுக்கியது. முகம் எனக்கு நேராக இருந்தது. கண் என்னைப் பார்த்தது. இந்தத் தடவை நான் திரும்பவில்லை.

குதிகால் நின்றது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு மனிதர் மண்ணுக்குள் காலை இறக்கி, "இதற்குமேல் இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்கு முன்னால் மொக்கராசின் தொடை, அதற்கு முன்னால் இன்னொருத்தனின் முதுகு, ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டு வந்தது. எதிர்ப்பக்கம் முதல் ஆளின் முழங்கால் ஆடியதை அண்ணன் பார்த்துவிட்டது. "இப்ப மாப்ள. இப்ப வாங்கு." ஏழு பேரும் எழுந்திருக்காமலே பின்னால் நடந்தார்கள். துணி கோட்டைத் தாண்டியது, எங்கள் பக்கத்துக் கோட்டுக்கு வந்தது, அதையும் தாண்டியது. நடுவர் விசில் ஊதியபிறகும் இவர் நிறுத்தாமல் நடந்துகொண்டிருந்தார். அண்ணன்தான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து நிறுத்தியது. மாப்பிள்ளையை அண்ணன் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்தில்கூட மாலையைத் தூர நின்றுதான் போட்டது.

பரிசு ஒரு நேந்திர வாழைக்குலை, கொம்பு முறுக்கிய ஒரு கிடாய், ஒரு கோப்பை. கிடாயை இவர் அண்ணன் கையில் பிடித்துக் கொடுத்தார். ஜீப்பில் கிடாய் என் மடியில் தலையை வைத்துக்கொண்டே வந்தது. மூட்டை மூட்டை என்று கத்தியவன் வந்து கைகொடுத்துவிட்டுப் போனான்.

நான் சும்மாதான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. ஒரு வார்த்தை வரவில்லை. மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை. மாவு வாங்க வந்தவர்களிடம் விரலைக் காட்டித்தான் வியாபாரம். பாசித் வந்து, "என்னக்கா, கொரலக் காணோம்" என்று கேட்டான். மலைப் பக்கம் கை காட்டினேன். சிரித்துக்கொண்டே போனான்.

காலையில் அவர் முதுகுக்கு எண்ணெய் போட்டேன். தோளிலிருந்து அக்குள்வரை கயிறு சுற்றிய இடமெல்லாம் சிவந்து தடித்திருக்கிறது. போன வருசச் சரளைக்கல் தழும்பு அதற்குக் கீழே மறைந்தே போய்விட்டது. வலிக்கும், ஆனால் முகம் அப்படி இல்லை.

"வல்லி."

பேச முடியாதே, ம் என்றேன்.

"மூணாவது இழுப்புல கால் வழுக்குனப்ப மச்சான் கொரல் எனக்குக் கேக்கல. ஒங்கொரல்தான் கேட்டுச்சு."

காற்று அந்தப் பக்கமாக அடித்திருக்கும். நான் எதுவும் சொல்லவில்லை, சொல்ல எனக்குக் குரலும் இல்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுத்து, அவர் முகம் தெரியாத பக்கமாக நின்றுகொண்டு தேய்த்தேன்.

அண்ணன் வாசல் வழியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. இரண்டு பேருக்கும் இலை போட்டேன். "எனக்கு ரெண்டு போதும்த்தா, நாளையிலருந்து பாசித்துகிட்டப் போறேன்" என்றது அண்ணன்.

அவர் காலையில் இட்லி சாப்பிட்டார். எத்தனை என்று எண்ணவில்லை.